மக்கள் தொடர்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் பல வருடம் இருந்துவிட்டு மக்கள் தொடர்பு வேலைக்கு வந்தவன் நான். இப்போது சனிக்கிழமைகளில் சிறுதொழில் செய்பவர்கள், தொண்டு அமைப்பில் இருப்பவர்கள், இதழியல் மாணவர்கள் ஆகியோருக்கு வகுப்பு எடுக்கிறேன். ஊர் மாறினாலும் ஆள் மாறினாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே அவற்றை எழுதி, எண் போட்டிருக்கிறேன். முன்னால் சொன்னது பின்னால் தேவைப்படும் இடத்தில் அந்த எண்ணைக் காட்டியிருக்கிறேன்.

1. "பி.ஆர்.ஓ.ன்னா சினிமா டைட்டில்ல வர்றவர்தானே? அவருக்கு அப்படி என்ன வேலை?"

நம்மில் பலர் அந்த மூன்றெழுத்தை முதலில் பார்த்தது திரையில்தான். 1958-ல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்துக்குப் பணியாற்றிய ஃபிலிம் நியூஸ் ஆனந்தனைத் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்பார்கள். படத்தின் ஸ்டில்களையும் செய்திகளையும் பத்திரிகைகளிடம் கொண்டு சேர்ப்பது அவர் வேலையாக இருந்தது. ஆட்சியர் அலுவலகத்தில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். பெரிய மருத்துவமனைகளில் நோயாளியின் சொந்தக்காரர்கள் கோபத்தோடு வரும்போது எதிரே போய் நிற்பவரையும் பி.ஆர்.ஓ. என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மூன்று பேரும் செய்வது அடிப்படையில் ஒரே வேலை. ஓர் அமைப்புக்கும், அதனால் பாதிக்கப்படுகிற அல்லது அதைப் பாதிக்கக்கூடிய மக்களுக்கும் நடுவில் நிற்கிறார்கள். இரு தரப்புக்கும் பயன் தரும் உறவைக் கட்டி எழுப்பும் தொடர்பு என்று அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கம் 2012-ல் இதை வரையறுத்தது. அதில் 'உறவு' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பேப்பரில் செய்தி வரவைப்பது அந்த உறவுக்கான பல வழிகளில் ஒன்று மட்டும்தான்.

2. "விளம்பரத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் பேப்பர்ல வர்றதுதானே?"

விளம்பரத்தில் நீங்கள் இடத்தை விலைக்கு வாங்குகிறீர்கள். எந்த நாள், எந்தப் பக்கம், என்ன வாசகம் என்பதெல்லாம் உங்கள் கையில். செய்தியாக வரும்போது ஆசிரியர் குழு முடிவு செய்கிறது. வெட்டலாம், எதிர்த்தரப்பிடம் கருத்துக் கேட்டுச் சேர்க்கலாம், போடாமலே விடலாம். வாசகருக்கும் இது தெரியும், அதனால்தான் செய்தியை விளம்பரத்தைவிட அதிகம் நம்புகிறார். பிடியை விட்டுக்கொடுத்து நம்பிக்கையைப் பெறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்று இந்த இரண்டோடு இன்னும் இரண்டு சேர்ந்திருக்கின்றன. காசு கொடுத்து வாங்கியது, தகுதியால் கிடைத்தது, பிறர் பகிர்ந்தது, நமக்கே சொந்தமானது என்று நான்காகப் பிரிப்பார்கள். உங்கள் இணையதளமும் வாட்ஸ்அப் சேனலும் கடைசி வகை. யூடியூபருக்குப் பணமோ இலவசப் பொருளோ கொடுத்துப் பேசவைத்தால் அது முதல் வகை, அதாவது விளம்பரம். அப்படி என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என இந்திய விளம்பரத் தர மன்றம் 2021 ஜூனிலேயே விதி கொண்டுவந்துவிட்டது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

3. "உத்திசார் தகவல்தொடர்புன்னு பெரிய பேரா வச்சிருக்காங்களே, அது பி.ஆருக்கே வச்ச புதுப் பேரா?"

ஓர் அமைப்பு தன் நோக்கத்தை அடைவதற்காகத் திட்டமிட்டுச் செய்யும் தொடர்பு எல்லாமே அதற்குள் வரும். மக்கள் தொடர்பு, விளம்பரம், ஊழியர் தொடர்பு, சுகாதார விழிப்புணர்வு என்று தனித்தனி அறையில் இருந்தவற்றை ஒரே நோக்கத்தின் கீழ் கொண்டுவருவதுதான் புதுசு. 'உத்தி' என்பதைத் தந்திரம் என்று படிக்காதீர்கள். யாரிடம், எந்த மாற்றத்துக்காக, யார் வாயால், எப்போது பேசுவது என்பதை முன்பே யோசித்து வைப்பதுதான் உத்தி.

எனக்குத் தெரிந்து இதற்கு இந்தியாவில் போலியோ ஒழிப்பைவிட நல்ல உதாரணம் இல்லை. டிவியில் அமிதாப் பச்சன் பேசினார், சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். ஆனாலும் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பல குடும்பங்கள் கதவைச் சாத்தின. சொட்டு மருந்து மலடாக்கிவிடும் என்ற வதந்தி ஒரு காரணம். அதற்கு அடியில் இன்னொரு சந்தேகம் இருந்தது. வேறு எந்த நோய்க்கும் எட்டிப்பார்க்காத அரசு, இந்த இரண்டு சொட்டுக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வீட்டுக்கு வருகிறது? நியாயமான கேள்வி. இன்னும் பெரிய போஸ்டர் அதற்குப் பதில் ஆகாது. அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களையே தொடர்பாளர்களாக அமர்த்தினார்கள். இமாம்கள் பள்ளிவாசலிலிருந்து அறிவித்தார்கள். மற்ற நோய்களையும் பார்க்கும் முகாம்கள் நடந்தன. 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டதுதான் நாட்டின் கடைசிப் போலியோ பாதிப்பு. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. மருந்து தொடக்கத்திலிருந்தே இருந்தது. கதவைத் திறக்கவைத்ததில் தகவல்தொடர்புக்குப் பெரும் பங்கு.

4. "எங்க டார்கெட் பொதுமக்கள்தான். அப்படிப் போட்டா போதாதா?"

போதாது. 'பொதுமக்கள்' என்று யாரும் ஒரு வீட்டில் குடியிருப்பதில்லை. உங்கள் ஆலைக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருப்பவர், அங்கே வேலை பார்ப்பவர், கடன் கொடுத்த வங்கி, சரக்கு வாங்கும் கடைக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் உங்களோடு ஒவ்வொரு கணக்கு. இவர்களை ஸ்டேக்ஹோல்டர் என்கிறோம். ஒரு பிரச்சினை முளைத்து, அதனால் தமக்குப் பாதிப்பு என்று உணர்ந்து, அதைப் பற்றி ஏதாவது செய்யத் தொடங்கும்போது அவர்களே ஒரு தனி மக்கள் குழுவாகிறார்கள். பிரச்சினை இருந்தும் அறியாதவர், அறிந்தவர், களத்தில் இறங்கியவர் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் க்ரூனிக் இதைப் படிகளாகப் பிரித்தார். மூன்றாவது படிக்கு வந்தவரிடம் முதல் படிக்கான துண்டுப்பிரசுரத்தை நீட்டினால் கோபம்தான் வளரும்.

கூடங்குளத்தை நினைத்துப் பாருங்கள். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே பேச்சல்ல. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் விபத்து. அதே வருடம் இடிந்தகரையில் போராட்டம் பெரிதானது. நவம்பரில் அப்துல் கலாம் நேரில் வந்து உலையைப் பார்த்து, பாதுகாப்பானது என்றார். அறிவியல் ரீதியில் விரிவாகவும் எழுதினார். நாட்டின் மற்ற பகுதிகளில் அந்தச் சொல்லுக்குப் பெரும் மதிப்பு இருந்தது. ஆனால் கடலோரத்து மக்கள் கேட்டது மீன் என்னவாகும், கடலில் விடும் சுடுநீர் என்ன செய்யும், விபத்து என்றால் எந்த வழியில் எங்களை வெளியேற்றுவீர்கள் என்று. நாடு முழுமைக்கும் தயாரித்த பதிலை, களத்தில் இறங்கிவிட்ட ஒரு குழுவிடம் சொன்னார்கள். என் பார்வையில் அங்கே அறுந்த இழை அதுதான்.

5. "பிரஸ் ரிலீஸ் அனுப்பினேன், ஒரு பேப்பர்லயும் வரல. ஏன்?"

மேசையில் இருந்தபோது நான் ஓரம் தள்ளியவற்றை வைத்துச் சொல்கிறேன். ஒரு கல்லூரியிலிருந்து மாதம் இரண்டு செய்திக்குறிப்பு வரும். முதல் இரண்டு பத்தியும் தாளாளர், முதல்வர், துறைத்தலைவர், சிறப்பு விருந்தினர் பெயர்கள். மாணவர்கள் என்ன செய்தார்கள் என்பது கடைசி வரியில் ஒளிந்திருக்கும். ஒருமுறை அந்தக் கடைசி வரியில் பக்கத்து ஊர்க் குளத்து நீரை மாணவர்கள் பரிசோதித்த விவரம் இருந்தது. அதை மேலே கொண்டுவந்து நாங்கள் செய்தியாக்கினோம். ஆனால் எல்லா நாளும் மேசையில் அதற்கு நேரம் இருக்காது. வாசகருக்கு எது புதுசோ அது முதல் வரியில் வரட்டும்.

சில நடைமுறைகள் உண்டு. யூனிகோடில் தட்டச்சு செய்து மெயிலின் உடலிலேயே ஒட்டுங்கள். பழைய எழுத்துருவில் அனுப்பினால் அங்கே கட்டம் கட்டமாகத்தான் தெரியும். மாலை 4 மணிக்குள் அனுப்புங்கள், அதற்குப் பிறகு எடிஷன் நெருக்கடி. படத்தில் இடமிருந்து வலமாக யார் என்று எழுதுங்கள். வரிசையாக நின்று பொன்னாடை போர்த்தும் படத்தைவிட, வேலை நடக்கும் படம் நல்லது. கீழே கொடுத்த தொலைபேசி எண்ணை யாராவது எடுக்க வேண்டும்.

செய்திக்குறிப்பு பிறந்த கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1906 அக்டோபர் 28-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள் விபத்தை மூடி மறைப்பதுதான் வழக்கம். ஐவி லீ என்ற முன்னாள் நிருபர், நடந்ததைக் கம்பெனியே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கவைத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை வார்த்தை மாற்றாமல் அச்சிட்டது. புகழ் பாடுவதற்காகப் பிறந்த காகிதம் அல்ல அது. கெட்ட செய்தியை முந்திக்கொண்டு சொல்வதற்காகப் பிறந்தது.

6. "கவர் கொடுத்தாத்தான் போடுவாங்களாமே?"

பிரஸ் மீட் முடிந்ததும் கவர் நீட்டுகிற பழக்கம் இருக்கிறது. மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அதை வாங்க மறுக்கிற நிருபர்களும் ஏராளம், அவர்கள் எழுதும் செய்திக்குத்தான் எடை. காசு கொடுத்து வந்த செய்தி, கேள்வி 2-ல் சொன்ன நம்பிக்கையை உங்களுக்குத் தராது. அதோடு, இந்த முறை நீங்கள் கொடுத்ததைவிட அடுத்த முறை உங்கள் எதிராளி அதிகம் கொடுக்கலாம்.

இது பெரிதாகும்போது 'பெய்டு நியூஸ்' ஆகிறது. 2009 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு செய்தி போலவே வெளியிட்ட விவகாரத்தை இந்தியப் பத்திரிகை மன்றம் விசாரித்து 2010-ல் அறிக்கை தந்தது. படித்து ஏமாந்தவர் வாக்காளர். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக நிற்க வேண்டாம் என்று என் மாணவர்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

7. "'ஆஃப் த ரெக்கார்ட்'னு சொல்லிட்டா போடமாட்டாங்கதானே?"

சொல்வதற்கு முன்பே கேட்டு, அவர் சம்மதித்திருந்தால் போடமாட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கடைசியில் "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றால் அவரைக் கட்டுப்படுத்தாது. எம்பார்கோவும் அப்படித்தான். இந்தத் தேதி, இந்த நேரம் வரை வெளியிட வேண்டாம் என்பதற்கு முதலில் ஒப்புதல் வாங்க வேண்டும். மைக் சட்டையில் குத்தியிருக்கும்வரை எதுவும் ஆஃப் கிடையாது.

8. "இருவழித் தொடர்புங்கிறாங்க. எங்க ஃபேஸ்புக்ல கமெண்ட் பாக்ஸ் திறந்துதான் இருக்கு, அது போதாதா?"

1984-ல் க்ரூனிக்கும் டாட் ஹன்ட்டும் மக்கள் தொடர்பை நான்கு மாதிரிகளாகப் பிரித்தார்கள். முதலாவது தம்பட்டம்: கவனம் கிடைத்தால் போதும், உண்மை இரண்டாம் பட்சம். இரண்டாவது, உள்ளதைச் சரியாக அறிவிப்பது. அரசுச் செய்திக்குறிப்புகளில் பல இந்த வகை. மூன்றாவதில் மக்களைக் கேட்கிறீர்கள், கருத்துக்கணிப்பு எடுக்கிறீர்கள், ஆனால் எதற்கு? அவர்களை எப்படிச் சம்மதிக்கவைப்பது என்று தெரிந்துகொள்ள. நான்காவதில் கேட்டதை வைத்து நீங்களும் மாறத் தயாராக இருக்கிறீர்கள்.

திறந்த கமெண்ட் பாக்ஸ் உங்களை நான்காவதில் சேர்த்துவிடாது. போன வருடம் வந்த புகார்களால் உங்கள் நிறுவனத்தில் மாறிய ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்பேன். பெரும்பாலும் அமைதிதான். ஒருமுறை பால் முகவர் ஒருவர், காலை ஏழு மணிக்கு வந்த வேனை ஐந்தரைக்கு மாற்றியதாகச் சொன்னார். எதிர்த் தெருவில் வேலைக்குப் போகும் பெண்கள் கேட்டார்களாம். க்ரூனிக்கின் பெயரையே கேள்விப்படாதவர் நான்காவது மாதிரியை நடத்திக்கொண்டிருந்தார்.

9. "அஜெண்டா செட்டிங், ஃப்ரேமிங் ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. முதலாவது எதைப் பற்றிப் பேசுவது என்பது. இரண்டாவது, எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது. 1968 அமெரிக்கத் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 பேரிடம் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள் எது முக்கியப் பிரச்சினை என்று விசாரித்தார்கள். அவர்கள் சொன்ன வரிசையும், ஊடகங்கள் இடம் ஒதுக்கிய வரிசையும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

ஃப்ரேமிங்குக்கு அமெரிக்கா போக வேண்டாம். ஒரே நாளில் ஒரே இடத்தில் நடந்ததை ஒரு பேப்பர் 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று போடும், இன்னொன்று 'குடிசைகள் இடிப்பு' என்று போடும். இரண்டிலும் பொய் இல்லை. முதலாவதில் சட்டம் தெரிகிறது, இரண்டாவதில் வீடு இழந்தவர் தெரிகிறார். செய்திக்குறிப்பு எழுதும்போது தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் இப்படி ஒரு ஜன்னலைத் திறந்து இன்னொன்றை மூடுகிறது.

10. "ஊழியர்களுக்கு எல்லாம் தனியா சொல்லணுமா? டிவி பாத்தாலே தெரிஞ்சுக்குவாங்களே."

அதனாலேயே தனியாக, முதலில் சொல்ல வேண்டும். ஓர் ஆலையில் ஒரு ஷிப்ட்டை நிறுத்தும் முடிவு, தொழிலாளிக்குத் தெரியுமுன் நிருபருக்குத் தெரிந்துவிட்டது. அன்று மாலை வாசலில் மைக் நீட்டப்பட்டபோது இருபது வருடம் வேலை பார்த்தவர் ஒருவர், "எங்களை மனுஷனாவே நினைக்கல" என்றார். அடுத்த ஒரு மாதம் நிர்வாகம் வெளியிட்ட எல்லா அறிக்கையையும் அந்த ஒரு வரி அடித்துப்போட்டது. ஊர் உங்கள் ஊழியரிடம்தான் உங்களைப் பற்றி விசாரிக்கும்.

11. "பிரச்சினைன்னு வந்தா வக்கீல் வாயைத் திறக்காதேங்கிறார், நீங்க பேசுங்கிறீங்க. யார் சொல்றதைக் கேக்குறது?"

இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவையுங்கள். வக்கீலின் கவலை நியாயமானது: காரணம் தெரியுமுன் பொறுப்பைப் பற்றி வாய்விட்டால் வழக்கில் திரும்பிவரும். ஆனால் காரணத்தைப் பற்றிப் பேசாமலே சொல்லக்கூடியவை நிறைய இருக்கின்றன. நடந்தது இது, பாதிக்கப்பட்டவர்களுக்கு இப்போது இதைச் செய்கிறோம், நீங்கள் செய்ய வேண்டியது இது, எங்களுக்கு இன்னும் தெரியாதது இது, மாலை ஆறு மணிக்கு மறுபடி பேசுகிறோம். ஆறு மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும் வந்து அதைச் சொல்ல வேண்டும். 'நோ கமெண்ட்ஸ்' என்றால் கேட்பவர் காதில் 'தப்பு எங்கள் மேல்தான்' என்றே விழும்.

எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும் டைலினால் சம்பவத்தை நானும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பேச்சைவிடச் செயல் பெரிது. 1982 செப்டம்பர் கடைசியில் சிகாகோ பகுதியில் அந்தத் தலைவலி மாத்திரையைச் சாப்பிட்ட 7 பேர் இறந்தார்கள். யாரோ கேப்சூலில் சயனைடு கலந்திருந்தார்கள். தொழிற்சாலையில் நடந்ததல்ல, கடையில் வைத்த பிறகு நடந்தது. அப்படியிருந்தும் ஜான்சன் அண்ட் ஜான்சன் நாடு முழுக்க ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்ப வாங்கியது. மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல். பிறகு பிரித்தால் தெரிந்துவிடும்படியான மூன்றடுக்கு முத்திரையோடு திரும்ப வந்தது. முன்பு இருந்த சந்தையில் பெரும்பகுதியை மீட்டது. வேறு வேதிப்பொருளோ வேறு விளம்பரமோ அதை மீட்கவில்லை. முத்திரையைப் பிரித்துப் பார்த்த விரல்கள் நம்பின.

12. "மேகி கேஸ்ல நெஸ்லே கோர்ட்ல ஜெயிச்சுட்டாங்களே. அப்ப அவங்க செஞ்சது சரிதானே?"

இதைக் கேட்ட மாணவியைப் பாராட்டினேன், ஏனென்றால் கோர்ட்டும் சந்தையும் வேறு வேறு என்பது இதில்தான் பளிச்சென்று தெரியும். 2015-ல் உத்தரப் பிரதேச ஆய்வு ஒன்றில் மேகியில் அளவுக்கு மேல் ஈயமும், 'சேர்க்கப்படவில்லை' என்று அட்டையில் போட்ட எம்.எஸ்.ஜி. என்ற சுவையூட்டியும் இருந்ததாகச் செய்தி கிளம்பியது. மே மாதம் முழுக்க அது வளர்ந்தது. நிறுவனத்தின் பேச்சு ஆய்வக அளவுகளைச் சுற்றியே இருந்தது. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் தற்காலிகத் தடை போட்டன. ஜூன் 5-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் நிறுத்த உத்தரவிட்டது. 30,000 டன்னுக்கு மேல் நூடுல்ஸ் அழிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 13-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நிறுவனத்தின் தரப்பைச் சரியாகக் கேட்கவில்லை, ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்பவை காரணங்கள். மறுபரிசோதனையிலும் தேறி நவம்பரில் மேகி கடைக்கு வந்தது. சட்டத்தில் அவர்கள் பக்கம் வலுவாக இருந்தது. ஆனால் மே மாதத்தில் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: இன்று பிள்ளைக்குக் கொடுக்கலாமா, கூடாதா? அதற்கு அவர் மொழியில், அவர் நம்பும் ஒருவர் வாயால், அந்த வாரமே பதில் வேண்டியிருந்தது.

2003 அக்டோபரில் மகாராஷ்டிராவில் கேட்பரி சாக்லேட்டில் புழு இருந்ததாக வந்தபோது, கடையில் சரியாக வைக்காததுதான் காரணம் என்று நிறுவனம் முதலில் சொன்னது. உண்மையாகவே இருந்திருக்கலாம், ஆனாலும் தீபாவளி நேரத்தில் யாரும் ஏற்கவில்லை. 2004 ஜனவரியில் உறையையே மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு அமிதாப்பைப் பேசவைத்தபோது எடுபட்டது. டைலினால் முத்திரையின் அதே பாடம்.

13. "மன்னிப்பு கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

தவறு உங்களுடையது எவ்வளவு என்பதைப் பொறுத்தது. டிமத்தி கூம்ப்ஸ் என்ற ஆய்வாளர் நெருக்கடிகளை மூன்றாகப் பிரிக்கிறார்: நீங்களே பாதிக்கப்பட்டவர், தற்செயல் விபத்து, தடுத்திருக்கக்கூடியது. கீழே போகப் போகப் பொறுப்பும் கூடும், பதிலும் மாற வேண்டும். புயலில் கூரை பறந்ததற்கு மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டால் பொருந்தாது. பராமரிக்காத லிஃப்ட் அறுந்ததற்கு 'வருந்துகிறோம்' மட்டும் போதாது. "உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறோம்" என்பது அனுதாபம், "நாங்கள் செய்தது தவறு" என்பது மன்னிப்பு. முதலாவதை எந்த நேரத்திலும் சொல்லலாம், வக்கீலும் தடுக்கமாட்டார்.

அரை மன்னிப்பு எதுவும் சொல்லாததைவிட மோசம். 2017 ஏப்ரல் 9-ல் சிகாகோவில் யுனைடெட் விமானத்திலிருந்து ஒரு பயணியை ரத்தம் வர இழுத்துச்சென்ற வீடியோ உலகமெல்லாம் ஓடியது. மறுநாள் தலைமை அதிகாரி ஆஸ்கர் முனோஸ், பயணிகளுக்கு 'மாற்று ஏற்பாடு' செய்ய நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். ரத்தத்தைப் பார்த்தவர்கள் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும்? அதற்கும் அடுத்த நாள் முழு மன்னிப்பு வந்தது. இடையில் போன ஒரு நாளின் கோபத்தை அதனால் திரும்பப் பெற முடியவில்லை.

14. "வாட்ஸ்அப்ல வதந்தி ஓடுது. மறுப்புப் போட்டா இன்னும் பரவாதா?"

சில சமயம் பரவும். 2003-ல் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், கலிஃபோர்னியக் கடற்கரைப் படத்தொகுப்பு ஒன்றில் தன் வீடு தெரிகிறது என்று 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதுவரை அந்தப் படம் 6 முறைதான் பதிவிறக்கப்பட்டிருந்தது, அதிலும் 2 அவர் வக்கீல்கள். வழக்குச் செய்தி வந்த மாதத்தில் 4,20,000 பேர் அந்தத் தளத்துக்குப் போனார்கள். ஆகவே முதலில் அளவைப் பாருங்கள். ஒரு குரூப்பில் நாலு பேர் பேசுவதற்குப் பிரஸ் மீட் வேண்டாம், அந்த நாலு பேரிடம் பேசினால் போதும்.

உடல்நலம் சம்பந்தப்பட்டால் கணக்கு வேறு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் ஆடியோக்கள் பறந்தன. பெற்றோர் பலர் அந்த நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது. இந்த மாதிரி இடத்தில் பேசித்தான் ஆக வேண்டும். பேசும்போது வதந்தியைத் தலைப்பில் போடாதீர்கள். 'தடுப்பூசியால் மலட்டுத்தன்மை என்பது பொய்' என்று எழுதினால் மனதில் நிற்பது தடுப்பூசியும் மலட்டுத்தன்மையும்தான். உண்மையை முதலில் வையுங்கள், வதந்தியை நடுவில் ஒரே வரியில் தொட்டுவிட்டு, மறுபடி உண்மையில் முடியுங்கள்.

15. "ஒரு பிரபலத்தை வச்சுச் சொல்ல வச்சா எல்லாரும் கேப்பாங்கதானே?"

கேட்பார்கள், ஆனால் அவருக்கு நடப்பது உங்களுக்கும் நடக்கும். 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் சென்னை அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளும்படி பேசினார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை மறைந்தார். மரம் நடச் சொன்ன மனிதர் என்று ஊரே அழுதது, கூடவே பயமும் கிளம்பியது. அவர் மருத்துவமனையில் சேர்ந்த அன்றே மருத்துவர்களும் சுகாதாரத் துறைச் செயலர் ராதாகிருஷ்ணனும் செய்தியாளர்களைச் சந்தித்து, இதய ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததையும், தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதையும் சொன்னார்கள். பின்னர் மத்திய ஆய்வுக்குழுவும் அதையே உறுதிசெய்தது. அன்றைக்கே பேசியது சரியான முடிவு. ஆனாலும் பயத்தை அது முழுக்கத் துடைக்கவில்லை.

ஏன் துடைக்கவில்லை? 1940-ல் ஒஹாயோவில் வாக்காளர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஊடகம் சொல்வது நேராக எல்லாரிடமும் போவதில்லை, அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள சிலர் வழியாகத்தான் போகிறது என்று கண்டார். கேள்வி 3-ல் சொன்ன, அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். பயந்த தாய்க்கு டிவியில் வந்த செயலரைவிட, தன் பிள்ளைக்குப் போட்டுவிட்டு வந்து நிற்கிற கிராமச் செவிலியர் பெரியவர்.

16. "எத்தனை சென்டிமீட்டர் செய்தி வந்துச்சு, அதுக்கு விளம்பர ரேட் என்னன்னு பெருக்கிக் காட்டினா மேனேஜ்மென்ட் சந்தோஷப்படுது. தப்பா?"

விளம்பரச் சமமதிப்பு என்ற அந்தக் கணக்கை 2010-ல் பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு வல்லுநர்களே ஏற்க முடியாது என்று அறிவித்துவிட்டார்கள். உங்களைத் திட்டி அரைப் பக்கம் வந்தாலும் அந்தக் கணக்கில் லாபம் காட்டும். வெளியானது எவ்வளவு என்பது முதல் படி. அதைப் படித்து யாருக்கு என்ன புரிந்தது, யார் என்ன செய்தார் என்பதுதான் கணக்கில் வர வேண்டும். ரத்ததான முகாமுக்கு வந்த செய்தித் துணுக்குகளை அல்ல, வந்த கொடையாளர்களை எண்ணுங்கள். அதற்குத் தொடங்குமுன் என்ன நிலை என்று குறித்து வைத்திருக்க வேண்டும், பெரும்பாலோர் தவறுவது அங்கேதான்.

17. "எப்படிச் சொன்னாலும் இது ஊரை ஏமாத்துற வேலைதானே? பிரச்சாரத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

கசப்பான கேள்வி, ஆனால் கேட்க வேண்டியது. இந்தத் தொழிலின் வரலாற்றில் கறை இருக்கிறது. 1929 ஈஸ்டர் ஞாயிறன்று மக்கள் தொடர்பு முன்னோடி எட்வர்ட் பெர்னேஸ் நியூயார்க் வீதியில் இளம்பெண்களைச் சிகரெட் பிடித்தபடி நடக்கவைத்து, அதைச் 'சுதந்திரச் சுடர்கள்' என்று விடுதலைச் செயலாகக் காட்டினார். பின்னால் இருந்தது புகையிலைக் கம்பெனி. 1954 ஜனவரி 4-ல் அமெரிக்கப் புகையிலைக் கம்பெனிகள் 400-க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் 'ஒளிவுமறைவற்ற அறிக்கை' என்று வெளியிட்டு, புற்றுநோய்த் தொடர்பைச் சந்தேகமாக்கின. அந்தச் சந்தேகத்தின் விலையை உயிர்களில்தான் கணக்கிட வேண்டும். 1990 அக்டோபரில் 15 வயதுக் குவைத் சிறுமி ஒருத்தி, ஈராக்கியப் படையினர் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துப் போட்டதைப் பார்த்ததாக அமெரிக்காவில் சாட்சி சொன்னாள். அவள் குவைத் தூதரின் மகள் என்பதும், ஏற்பாட்டில் ஒரு பெரிய பி.ஆர். நிறுவனம் இருந்ததும் வளைகுடாப் போருக்குப் பிறகே வெளியே வந்தன.

மூன்றிலும் பேசுபவர் யார் என்பதோ, யாருக்காகப் பேசுகிறார் என்பதோ, தெரிந்த உண்மையோ மறைக்கப்பட்டது. நான் கோடு போடும் இடம் அதுதான். வற்புறுத்திப் பேசுவது தவறல்ல, உங்கள் தரப்பை உங்கள் பெயரில் சொல்லுங்கள். கேட்பவர் 'இல்லை' என்று சொல்வதற்குத் தேவையான தகவலை அவரிடமிருந்து ஒளித்தால் பிரச்சாரம் என்ற வசைக்குத் தகுதியாகிறீர்கள். தொழிலும் இப்போது சில சமயம் தண்டிக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இனப்பகையைத் தூண்டும் விதமாகப் பிரச்சாரம் நடத்திய லண்டன் நிறுவனம் பெல் பாட்டிங்கரை, 2017 செப்டம்பரில் பிரிட்டனின் மக்கள் தொடர்பு நிறுவனங்களுக்கான அமைப்பே வெளியேற்றியது. அதே மாதத்தில் நிறுவனம் திவாலானது.

18. "முதலாளியே பொய் சொல்லச் சொன்னா என்ன சார் பண்றது? வேலை போயிடுமே."

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகுதான் இதைக் கேட்பார்கள். முதலில், அவர் ஏன் பொய் சொல்லச் சொல்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் பயம். பயந்தவரிடம் ஒழுக்கம் பேசினால் கோபம்தான் வரும். "நாளைக்கு இந்தச் சான்று வெளியே வந்தால் நீங்கள்தான் கேமரா முன் நிற்க வேண்டும்" என்று அடுத்த வாரத்தைக் கண்முன் காட்டுங்கள். மாற்று வாசகம் ஒன்றை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். 'அது பொய்' என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பவரைவிட, சொல்லக்கூடிய உண்மை ஒன்றை நீட்டுபவருக்குச் செவி கிடைக்கும். கேள்வி 11-ல் சொன்ன அந்த ஐந்து வரிகள் பெரும்பாலான நாளில் போதும்.

ஒருமுறை எனக்கே அது போதவில்லை. ஒரு நிறுவனத்தில் கழிவுநீர்க் குழாய் உடைந்ததை 'வழக்கமான பராமரிப்பு' என்று எழுதச் சொன்னார்கள். பக்கத்துத் தெருவில் குழந்தைகளுக்கு வாந்தி என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன் என்றேன். வேறொருவர் எழுதினார். இரண்டு மாதத்தில் நான் வெளியே வந்தேன். அடுத்த வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது, அதை மறைக்க விரும்பவில்லை. குடும்பச் சுமையுள்ள 24 வயதுப் பிள்ளையிடம் 'உடனே ராஜினாமா செய்' என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களிடம் நான் சொல்வது இது: அந்தப் பொய் உங்கள் பெயரில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மறுத்ததை மெயிலில் எழுதி வையுங்கள், யாருடைய உடம்புக்காவது ஆபத்து என்றால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். அந்தத் தெருவில் யாருக்காவது 'தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க' என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். நான் மூன்றாம் நாள்தான் போய்ச் சொன்னேன்.